எஃப்டிபி லிசனருக்கு ஃபைல் போகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பிரியுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு மென்பொருள்களை இணைத்துத் தரவு பரிமாற உதவும் வெப்மெத்தட்ஸ் இன்டெக்ரேஷன் சர்வரில் ஓர் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் நெறிமுறை) போர்ட்டை, அதாவது லிசனரை, வைத்திருக்கிறீர்கள். வெளி நிறுவனம் ஒன்று அதில் லாகின் செய்து ஆர்டர் ஃபைல்களை அனுப்புகிறது. லாகின் ஆகிவிடுகிறது, ஃபைல் அனுப்பும்போது சில நேரம் அப்படியே தொங்கி நிற்கிறது. சில நேரம் ஃபைல் சேர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் அதைக் கையாள வேண்டிய சர்வீஸ் (சர்வருக்குள் நீங்கள் எழுதி வைத்த நிரல்) ஓடுவதில்லை. இரண்டு முறை பாதி ஃபைல்தான் வந்தது. உங்கள் நெட்வொர்க் குழு "போர்ட் திறந்துதான் இருக்கிறது" என்கிறது, எதிர்த்தரப்பு "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்கிறது.

இருவரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் ஒரே கோளாறு என்று நினைப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகள். அவற்றைப் பிரிக்காமல் ஒரே மின்னஞ்சல் சங்கிலியில் பேசிக்கொண்டிருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். பிரிப்பதற்கு இந்த லிசனர் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். பலருக்கு அங்கேயே தவறு நேர்கிறது.

சாதாரண எஃப்டிபி சர்வர் என்பது ஃபைல் போட்டு வைக்கும் இடம். இன்டெக்ரேஷன் சர்வரின் எஃப்டிபி லிசனர் அப்படி அல்ல. லாகின் செய்தபின் என்எஸ் என்ற கோப்புறைக்குள் போனால், அங்கே நீங்கள் பார்க்கும் கோப்புறைகள் வட்டில் இருப்பவை அல்ல. உங்கள் சர்வீஸ்களின் பெயர்வெளி, அதாவது சர்வீஸ் பெயர்களின் அடுக்கு. ஆர்டர்ஸ் கோப்புறையில் ரிசீவ் என்று ஒரு சர்வீஸ் இருந்தால், என்எஸ், ஆர்டர்ஸ், ரிசீவ் என்று சிடி (கோப்புறை மாற்றும்) கட்டளையால் உள்ளே போய், அங்கே நின்று புட் (ஃபைல் அனுப்பும் கட்டளை) கொடுக்க வேண்டும். அந்தப் புட் ஃபைலைச் சேமிக்கச் சொல்லும் கட்டளை அல்ல, சர்வீஸை அழைக்கும் அழைப்பு. ஃபைலின் உள்ளடக்கம் அந்தச் சர்வீஸின் உள்ளீடாகப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் பிடிபடும்.

இன்னொரு விஷயம். இந்த மென்பொருள் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது: 1996-ல் தொடங்கிய வெப்மெத்தட்ஸ் நிறுவனத்தை 2007-ல் சாஃப்ட்வேர் ஏஜி வாங்கியது, 2024-ல் வெப்மெத்தட்ஸ் ஐபிஎம் கைக்குப் போனது. தேடும்போது பழைய பெயரில் உள்ள ஆவணங்களையும் ஒதுக்காமல் படியுங்கள்.

சரி, முதலில் தொங்கி நிற்கும் கதை.

எஃப்டிபியில் ஓர் இணைப்பு இல்லை, இரண்டு இருக்கின்றன. இது 1985-ல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த விதி. லாகின், சிடி, புட் போன்ற கட்டளைகள் ஓர் இணைப்பில் போகும். ஃபைலின் உள்ளடக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கப்படும் இன்னோர் இணைப்பில் போகும். நெட்வொர்க் குழு டெல்நெட் அடித்துப் பார்த்து "திறந்திருக்கிறது" என்று சொல்வது முதல் இணைப்பை மட்டும்தான். லாகின் ஆகிறது, ஃபைல் தொங்குகிறது என்றால் கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாவது இணைப்பில்தான் சிக்கல். புட் மட்டுமல்லாமல் கோப்புறைப் பட்டியல் கேட்டாலும் தொங்குகிறதா என்று பாருங்கள். பட்டியலும் இந்த இரண்டாவது இணைப்பில், அதாவது தரவு இணைப்பில்தான் வரும். அதுவும் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது இணைப்பை யார் திறப்பது? ஆக்டிவ் முறையில் கிளையன்ட் தன் முகவரியையும் போர்ட் எண்ணையும் சொல்லும். சர்வர் திரும்பி அங்கே இணைய வேண்டும். எதிர்த்தரப்பின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏன் அனுமதிக்கப் போகிறது? பாஸிவ் முறையில் சர்வர் ஒரு முகவரியும் எண்ணும் கொடுக்கும். கிளையன்ட் அங்கே வரும். இன்றைய நெட்வொர்க்குகளில் பாஸிவ்தான் சரிப்படும். ஆனால் விண்டோஸுடன் வரும் கட்டளைவரி எஃப்டிபி நிரலுக்குப் பாஸிவ் முறை தெரியாது. சோதிக்கிறேன் என்று அதைத் திறந்து மணிக்கணக்கில் வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி இருந்தால் அதை வெர்போஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள், அல்லது ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி நிரலில் செய்தி சாளரத்தைத் திறந்து வையுங்கள். சர்வரும் கிளையன்ட்டும் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அந்த வரிகளில் நீங்கள் தேட வேண்டியது 227 என்று தொடங்கும் பதில். அதில் ஆறு எண்கள் இருக்கும், உதாரணமாக 10,20,1,15,195,149. முதல் நான்கும் முகவரி: 10.20.1.15. கடைசி இரண்டும் போர்ட்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டினால் 50069. இந்த ஒரு வரி இரண்டு கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும். முகவரி 10 என்று தொடங்கினால் அது உள் நெட்வொர்க்கின் முகவரி. வெளியிலிருக்கும் கிளையன்ட்டால் அங்கே போக முடியாது. முகவரி சரியாக இருந்து 50069 என்ற எண் ஃபயர்வாலில் திறந்திருக்காவிட்டால், அதுவும் தொங்கும்.

இரண்டுக்கும் மருந்து இன்டெக்ரேஷன் சர்வரின் நிர்வாகத் திரையான அட்மினிஸ்ட்ரேட்டரின் எக்ஸ்டெண்டட் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. வாட் டாட் நெட் என்று தொடங்கும் அமைப்புகளில் பாஸிவ் போர்ட்டுக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்கள் கொடுக்கலாம். பாஸிவ் பதிலில் எந்த முகவரியைச் சொல்ல வேண்டும் என்றும் கொடுக்கலாம். ஐம்பது எண்கள் கொண்ட ஒரு வரம்பைத் தேர்ந்து, அதே வரம்பை ஃபயர்வாலிலும் திறக்கச் சொல்லுங்கள். "எஃப்டிபி திறக்கவும்" என்று மட்டும் எழுதினால் எஃப்டிபியின் வழக்கமான போர்ட்டான 21-ஐத் திறந்துவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். மாற்றியபின் புதிதாக இணைந்து 227 வரியைத் திரும்பப் படியுங்கள்.

இங்கே ஒரு பொறி. கர்ல் 7.74 பதிப்பிலிருந்து 227-ல் வரும் முகவரியைக் கண்டுகொள்ளாமல், ஏற்கெனவே இணைந்திருக்கும் முகவரியையே பயன்படுத்துகிறது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அது. அதனால் உங்கள் கர்ல் சோதனையில் எல்லாம் சரியாக ஓடும், எதிர்த்தரப்பின் பழைய மென்பொருள் 227-ஐ நம்பிப் போய்த் தொங்கும். உங்கள் சோதனை வென்றது என்பதற்காக 227 வரியைப் படிக்காமல் விடாதீர்கள்.

"முன்பு இதே சர்வரில் எந்த வரம்பும் வைக்காமல் ஓடிக்கொண்டிருந்ததே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல ஃபயர்வால்கள் எஃப்டிபி கட்டளைகளைப் படித்து, 227-ல் வரும் எண்ணைப் பார்த்து அந்த நேரத்துக்கு மட்டும் வழி திறந்துவிடும். இந்த உதவி மூன்று சூழலில் நின்றுபோகும். ஒன்று, எஃப்டிபிஎஸ்ஸுக்கு (மறையாக்கப்பட்ட எஃப்டிபி) மாறியது: கட்டளை இணைப்பு மறையாக்கப்பட்டபின் ஃபயர்வாலால் எண்ணைப் படிக்க முடியாது. இரண்டு, 21 அல்லாத எண்ணில் லிசனர் இருப்பது. லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள எண்ணைத் திறக்கச் சிறப்பு அனுமதி தேவை என்பதால் பலர் 8021 போன்ற எண்ணில் வைக்கிறார்கள், ஃபயர்வாலோ 21-ஐ மட்டும்தான் கவனிக்கிறது. மூன்று, லினக்ஸ் கெர்னல் 4.7 முதல் இந்த உதவி தானாக இயங்குவது இயல்பாகவே நிறுத்தப்பட்டது. ஓர் இயக்கமுறை மேம்படுத்தலுக்குப் பிறகு எஃப்டிபி படுத்துவிட்டது என்றால் இதையும் பாருங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு அதிக நாள் பிடித்தது. முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் இரண்டு இன்டெக்ரேஷன் சர்வர்களை ஒரு லோட் பேலன்சருக்கு (வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி) பின்னால் வைத்திருந்தோம். ஃபைல் இரண்டு முறைக்கு ஒரு முறை போகும், ஒரு முறை போகாது. ஃபயர்வால், பாஸ்வேர்ட், ஃபைல் அளவு என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். நடந்தது இதுதான்: கட்டளை இணைப்பு முதல் சர்வருக்குப் போனது. அது 227-ல் ஓர் எண் கொடுத்தது. கிளையன்ட் அந்த எண்ணுக்கு வந்தபோது லோட் பேலன்சர் அதைப் புது வாடிக்கையாளர் என்று நினைத்து இரண்டாவது சர்வருக்கு அனுப்பியது. அங்கே அந்த எண்ணில் யாரும் காத்திருக்கவில்லை. முறைவைத்துப் பிரித்து அனுப்பினால் பாதி நேரம் சரியாக அமையும், பாதி நேரம் அமையாது. ஒரே கிளையன்ட் முகவரியிலிருந்து வரும் எல்லா இணைப்புகளையும், எந்தப் போர்ட்டாக இருந்தாலும், ஒரே சர்வருக்கு அனுப்பும்படி அமைத்ததும் தீர்ந்தது. உங்கள் கோளாறு "சில நேரம்" வருகிறது என்று எழுதியிருப்பதால், லோட் பேலன்சர் இருக்கிறதா என்பதை இன்றைக்கே கேளுங்கள். முடிந்தால் ஒரு சர்வரின் நேரடி முகவரிக்கு இருபது ஃபைல் அனுப்பிப் பாருங்கள். இருபதும் போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது.

அப்புறம், ஃபைல் சேர்ந்தும் சர்வீஸ் ஓடாத கதை. இது நெட்வொர்க் விஷயமே அல்ல; அந்தக் குழுவை விட்டுவிடலாம்.

முதலில் ஃபைல் எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். லாகின் செய்யும் பயனரை அவருக்கென்று உள்ள எஃப்டிபி கோப்புறையில் கொண்டுபோய் நிறுத்தும் அமைப்பு இந்தச் சர்வரில் உண்டு. இன்டெக்ரேஷன் சர்வர் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் யூசர்எஃப்டிபிரூட் என்று ஒன்று இருக்கும். அதற்குள் பயனர் பெயரில் ஒரு கோப்புறை. எதிர்த்தரப்பின் ஸ்கிரிப்டில் சிடி வரி தோற்றுப்போய், அதைக் கவனிக்காமல் அடுத்த வரியில் புட் ஓடினால் ஃபைல் அங்கே போய் அமைதியாக உட்கார்ந்திருக்கும். புட் வெற்றி, சர்வீஸ் இல்லை. அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள், காணாமல்போன ஃபைல்கள் அங்கே வரிசையாக இருந்தால் வியப்பில்லை. எதிர்த்தரப்பிடம் ஸ்கிரிப்டின் முழு வெளியீட்டையும் கேளுங்கள். "சக்ஸஸ்" என்று வரும் கடைசி வரி போதாது. சிடி வரிக்கு 250 (வெற்றி) வந்ததா, 550 (தோல்வி) வந்ததா என்பதுதான் கேள்வி. 550 என்றால் பாதையில் எழுத்துப்பிழை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு, முடக்கப்பட்ட பேக்கேஜ் (சர்வீஸ்களின் தொகுப்பு) ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள்.

பாதை சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், சர்வீஸின் எக்ஸிக்யூட் ஏசிஎல் (அதை யார் ஓட்டலாம் என்ற பட்டியல்) ஒரு பக்கம், போர்ட்டின் அணுகல் முறை (அந்தப் போர்ட் வழியாக எந்தச் சர்வீஸை அழைக்கலாம் என்ற அமைப்பு) இன்னொரு பக்கம். முதலாவதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். இரண்டாவதை மறப்பார்கள். இயல்பாக 5555 போர்ட் எல்லாச் சர்வீஸ்களையும் அனுமதிக்கும். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் போர்ட் மறுக்கும் நிலையில்தான் பிறக்கிறது. அதனால் டெவலப்பர் டிசைனர் என்ற உருவாக்கக் கருவியிலிருந்து ஓட்டினால் ஓடும், 5555 வழியாக அழைத்தால் ஓடும், எஃப்டிபி போர்ட்டில் மட்டும் மறுக்கும். செக்யூரிட்டி பிரிவில் போர்ட்ஸ் பக்கத்துக்குப் போய், அந்தப் போர்ட்டின் அனுமதிப் பட்டியலில் உங்கள் சர்வீஸைச் சேருங்கள். எளிது என்று மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள், வெளியாட்கள் வந்து போகும் வாசல் அது.

சர்வீஸ் ஓடுகிறது, ஆனால் உள்ளீடு காலியாக இருக்கிறது என்றால் உள்ளடக்க வகை. எச்டிடிபியில் தலைப்பு வரியில் வகையைச் சொல்லலாம். எஃப்டிபியில் அப்படி ஒன்று இல்லை. எனவே சர்வர் ஃபைல் பெயரின் கடைசி நீட்டிப்பைப் பார்த்து, லிப் கோப்புறையிலுள்ள மைம் டைப்ஸ் ஃபைலில் தேடி வகையை முடிவு செய்கிறது. எக்ஸ்எம்எல் என்றால் நோட் என்ற பெயரில் உள்ளீடு வரும். ஃபிளாட் ஃபைல் (குறிச்சொற்கள் இல்லாத, வரிவரியான தரவு) வகை என்றால் எஃப்எஃப்டேட்டா என்ற பெயரில் வரும். ஆர்டர் ஃபைல் டாட் டேட் என்றோ, தேதியை நீட்டிப்பாக வைத்தோ வந்தால் உங்கள் சர்வீஸ் காத்திருக்கும் பெயரில் எதுவும் வராது. நீட்டிப்பை மைம் டைப்ஸில் சேர்த்து சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். அல்லது அனுப்புபவர், சேரும் ஃபைலின் பெயருக்குப் பின் ஓர் அரைப்புள்ளி போட்டு வகையை எழுதலாம். வகைப் பெயரில் உள்ள சாய்கோட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி வர வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க லாக்கைத் தோண்ட வேண்டியதில்லை. சர்வீஸின் முதல் படியாக, வந்த தரவை ஃபைலில் சேமிக்கும் சேவ்பைப்லைன்டூஃபைல் என்ற உள்ளமைந்த சர்வீஸை வையுங்கள், வந்தது என்ன என்று முழுவதும் பார்த்துவிடலாம். கெட்டிரான்ஸ்போர்ட்இன்ஃபோ வைத்தால் வந்த ஃபைலின் பெயரும் தெரியும். வேலை முடிந்ததும் முதல் படியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்; வாடிக்கையாளர் தரவு வட்டில் கிடக்கக் கூடாது.

ஃபைல் வருகிறது, உள்ளடக்கம் கலங்கியிருக்கிறது என்றால் ஆஸ்கி முறையா பைனரி முறையா என்று கேளுங்கள். ஆஸ்கி முறையில் வரி முடிவுகள் வழியில் மாற்றி எழுதப்படும். நிலையான நீளமுள்ள பதிவுகள் கொண்ட ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பைட் கூடினாலே பத்தாவது வரியில் எல்லாப் புலங்களும் நகர்ந்திருக்கும். யுடிஎஃப்-8 பெரும்பாலும் தப்பித்துவிடும். யுடிஎஃப்-16-ல் வரிமுடிவுக்குப் பக்கத்தில் ஒற்றை பைட் நுழைந்ததும் அதை அடுத்து வரும் எழுத்துகள் குப்பையாகிவிடும். ஜிப் ஃபைல் திறக்கவே திறக்காது. பைனரி என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள், இயல்பு நிலை ஒவ்வொரு கிளையன்ட்டிலும் வேறு.

பாதி ஃபைல் பிரச்சினைக்கு வருகிறேன். மூன்றில் இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் யாருக்கும் தெரியாமல் நடக்கும். எஃப்டிபியின் வழக்கமான ஸ்ட்ரீம் முறையில் ஃபைலின் நீளம் முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. தரவு இணைப்பு மூடப்பட்டால் ஃபைல் முடிந்தது என்று பொருள். அனுப்புபவரின் நிரல் நடுவில் செத்து, இணைப்பு ஒழுங்காக மூடப்பட்டதுபோல் மூடிக்கொண்டால், சர்வருக்கு அது முழு ஃபைல்தான். எக்ஸ்எம்எல் என்றால் மூடாத குறிச்சொல்லில் பிழை வந்து காப்பாற்றும். ஃபிளாட் ஃபைல் என்றால் ஆயிரம் ஆர்டரில் அறுநூறு மட்டும் அழகாகப் பதிவாகும். அதனால் ஃபைலின் கடைசி வரியில் மொத்தப் பதிவு எண்ணிக்கையை வைக்கச் சொல்லி, அது இல்லாமல் அல்லது பொருந்தாமல் வந்தால் முழு ஃபைலையும் நிராகரியுங்கள். எதிர்த்தரப்பு ஒரு நாள் வேலை என்று முனகும். விடாதீர்கள்.

இதன் மறுபக்கம் இரட்டை ஆர்டர். பெரிய ஃபைல் மெதுவான இணைப்பில் போகும்போது கட்டளை இணைப்பில் எந்தப் பேச்சும் இருக்காது. நடுவில் இருக்கும் கருவி அதைச் செத்த இணைப்பு என்று வெட்டிவிடும். ஏடபிள்யூஎஸ் நாட் கேட்வேயில் அந்தப் பொறுமை 350 வினாடி. அஷூர் லோட் பேலன்சரில் இயல்பாக 4 நிமிடம். ஃபைல் முழுதாக வந்து சேரும், சர்வீஸ் ஓடும், ஆனால் 226 என்ற முடிவுப் பதில் அனுப்பியவருக்குப் போகாது. அவருடைய நிரல் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். கிளையன்ட்டில் டிசிபி கீப்அலைவை (இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று காட்டும் சிறு சமிக்ஞை) அந்த வரம்புக்குக் குறைவான இடைவெளியில் இயக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் ஃபைலுக்குள் இருக்கும் ஒரு தனி எண்ணை வைத்து, ஏற்கெனவே பார்த்ததா என்று சோதித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். சிறிய ஃபைல் சரியாகப் போய், பெரியது மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

இன்னொன்று. சில நிறுவனங்களின் ஃபைல் பரிமாற்ற மென்பொருள் முதலில் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதும் போனபின் பெயரை மாற்றும். சாதாரண சர்வரில் மிக நல்ல பழக்கம். இங்கே அது எதிராக வேலை செய்யும்: தற்காலிகப் பெயரில் புட் வந்ததுமே சர்வீஸ் அழைக்கப்படுகிறது, அதுவும் தெரியாத நீட்டிப்போடு. பிறகு பெயர் மாற்ற வந்தால் மாற்ற அங்கே ஃபைலே இல்லை. அனுப்பும் நிரலில் இந்த விருப்பத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

நிறுத்த முடியாது என்று சொன்னால் லிசனரோடு மல்லுக்கட்டாதீர்கள். இயக்கமுறையில் இருக்கும் எஸ்எஃப்டிபி சர்வர் வழியாக ஒரு கோப்புறையில் ஃபைலை வாங்கி, இன்டெக்ரேஷன் சர்வரில் ஒரு ஃபைல் போலிங் போர்ட்டை அந்தக் கோப்புறையைப் பார்க்க வையுங்கள். எஸ்எஃப்டிபி எஃப்டிபியின் இன்னொரு வடிவம் அல்ல, எஸ்எஸ்எச் மேல் ஓடும் வேறு நெறிமுறை. எல்லாம் 22 என்ற ஒரே போர்ட்டில் போவதால் மேலே சொன்ன 227 தொல்லை எதுவும் இல்லை. போலிங் போர்ட்டில் உள்ளடக்க வகையை நீங்களே குறிப்பிடலாம், நீட்டிப்பை நம்ப வேண்டியதில்லை. ஃபைல் பெயர் வடிகட்டியில் இறுதிப் பெயரின் வடிவத்தை மட்டும் கொடுத்தால் தற்காலிக ஃபைல்களை அது தொடாது. ஃபைல் ஏஜ் என்ற இடத்தில் சுழியம் விடாமல் ஓர் இடைவெளி கொடுங்கள், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஃபைலை எடுக்காமல் காத்திருக்கும். தோற்ற ஃபைல்கள் எரர் கோப்புறையில் தனியே கிடைக்கும், காலையில் வந்து அவற்றைப் பார்த்துத் திரும்ப ஓட்டலாம்.